மின்மினி ஆற்றில் உப்பு எதுவரை ஏறும்?

இரவு எட்டு மணிக்கு மேல் கம்போங் குவாந்தான் படகுத்துறையில் சம்பான் ஏறியிருக்கிறீர்களா? கோல சிலாங்கூர் நகரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரம்தான். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. கண் இருட்டுக்குப் பழகியதும் கரையோர மரங்கள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கும். ஒரு மரத்தில் உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் அணைந்து எரியும்.

அந்த மரத்துக்கு மலாய்மொழியில் பெரெம்பாங் என்று பெயர். மின்மினியின் வாழ்க்கை அந்த மரத்தோடு முடிந்துவிடுவதில்லை. பெண் பூச்சி கரையின் ஈரமண்ணில் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, நீப்பா போன்ற பனைகளின் அடியில் உள்ள சேற்று நிலத்தில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. இறக்கை முளைத்த பிறகே பெரெம்பாங் மரத்துக்குப் போகிறது. மரம், நத்தை, புழு மூன்றுக்கும் ஆற்றுநீர் ஓர் அளவுக்கு மேல் உப்பாக இருக்கக் கூடாது. முழுக் கடல்நீரில் இந்த வாழ்க்கை நடக்காது.

ஆனால் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதியில், அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டிக் கடல்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் உப்புநீர் சிலாங்கூர் ஆற்றுக்குள் நுழைகிறது. மேலேயிருந்து வரும் நல்ல தண்ணீர் அதை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த நல்ல தண்ணீரைத்தான் கோலகுபு பாருவுக்கு அருகே அணை கட்டித் தேக்கி, வழியில் இறைத்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு அனுப்புகிறோம். தள்ளும் நீர் குறைந்தால் உப்பு மேலே ஏறும். எவ்வளவு குறைந்தால் எதுவரை ஏறும்? மின்மினிகளின் இருப்பே இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தது.

கரையோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. ஓதம் ஏறும்போது மூடி, வற்றும்போது திறக்கும் தண்ணீர்க் கதவுகளும் மண்கரைகளும் உப்பைத் தடுக்கத்தான் கட்டப்பட்டன. இன்று அதே கேள்விக்குக் கணினியிடம் விடை கேட்கிறோம். கணினியின் விடையை எப்போது நம்பலாம் என்று சொல்லும் கணிதப் பிரிவு ஒன்று உண்டு. அதில் வரும் ‘சீர்மை மதிப்பீடுகள்’ பற்றியதே இக்கட்டுரை.

ஒரு கைப்பிடி உப்பு

ஒரு நீண்ட தொட்டியை நடுவில் பலகை வைத்துத் தடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடல்நீர். அதில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மறுபக்கம் நல்ல தண்ணீர். பலகையை மெதுவாக உருவுகிறீர்கள். அந்த நொடியில் உப்பின் அளவு 35-லிருந்து 0-க்குச் செங்குத்தாக இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்தச் செங்குத்து இருக்காது. சாய்வான இறக்கமாக மாறியிருக்கும்.

இதைக் கணிதமாக எழுதினால் ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு கிடைக்கும். வகைக்கெழு என்றால் மாறும் வேகம். உப்பின் அளவு நேரத்தோடு மாறுகிறது, இடத்தோடும் மாறுகிறது. இந்த இரண்டு மாற்றங்களையும் இணைக்கும் விதியே அச்சமன்பாடு.

பலகை எங்கே இருந்தது, யார் உருவினார்கள், உப்பு முதலில் எப்படிக் கிடந்தது என்பது எதுவும் தெரியாமலே ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உப்பின் இறக்கம் எவ்வளவு செங்குத்தாக இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 4 மணி நேரத்துக்குப் பின் அந்த வரம்பு பாதியாகும். 9 மணி நேரத்துக்குப் பின் மூன்றில் ஒன்று. 16 மணி நேரத்துக்குப் பின் கால் பங்கு. உப்பு தொடக்கத்தில் எப்படிக் கிடந்தாலும் இந்த வரம்பை மீறாது.

இதுதான் சீர்மை மதிப்பீடு. சமன்பாட்டின் விடையே நம் கையில் இருக்காது. இருந்தாலும், அது எப்படி இருந்தாலும் இவ்வளவுக்கு மேல் கரடுமுரடாக இராது என்று முன்கூட்டியே வரம்பு கட்டிவிடுகிறோம்.

அளக்காத ஆற்றுக்கும் உத்தரவாதம்

ஆறு தொட்டியைப் போல ஒரே சீரானதல்ல. ஓரிடத்தில் மணல்திட்டு, ஓரிடத்தில் ஆழமான மடு, இன்னோரிடத்தில் பெரெம்பாங் வேர்கள். உப்பு பரவும் வேகம் அடிக்கு அடி மாறும். அத்தனை இடத்திலும் யார் போய் அளப்பது?

இக்கேள்விக்கு இருவர் தனித்தனியாக விடை கண்டார்கள். ஒருவர் இத்தாலியின் என்னியோ டி ஜியார்ஜி. மற்றவர் அமெரிக்காவின் ஜான் நாஷ். மனநோயோடு போராடிய அவரது வாழ்க்கை திரைப்படமாக வந்ததால் பலருக்கும் அவரைத் தெரியும். 1900-ல் பாரிசில் டேவிட் ஹில்பர்ட் முன்வைத்த 23 கேள்விகளில் 19-ஆவது கேள்வி இதைச் சார்ந்தது. டி ஜியார்ஜியின் விடை 1957-ல் வந்தது. நாஷின் முழுக் கட்டுரை 1958-ல் வெளியானது.

அவர்கள் நிறுவியதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பரவும் வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு தாறுமாறாக மாறினாலும் பரவாயில்லை. அது ஒரு கீழ்வரம்புக்கும் ஒரு மேல்வரம்புக்கும் இடையில் இருந்தால் போதும். உப்பின் அளவு எங்கும் திடீரென்று தாவாது. எவ்வளவு மெதுவாக மாறும் என்பதற்கான கணக்கும் அந்த இரண்டு வரம்புகளை வைத்தே கிடைத்துவிடும்.

நடைமுறையில் இதன் பயன் பெரிது. ஆற்றின் ஒவ்வோர் அடியையும் அளக்கத் தேவையில்லை. கம்போங் குவாந்தானில் ஒரு மானியும் அதற்கு மேலே ஒரு மானியும் வைத்து உப்பை அளந்தால், இடையில் உள்ள மரத்தடியில் ரகசியமாக ஒரு தாவல் ஒளிந்திருக்காது என்ற துணிச்சலுக்கு இத்தேற்றம்தான் அடிப்படை.

தண்டரையிலிருந்து ஒரு தேற்றம்

இந்தத் துறையில் தமிழர் ஒருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. எம்.எஸ். நரசிம்மன் 1932-ல் வட ஆற்காடு மாவட்டத்தின் தண்டரை கிராமத்தில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீனிடம் கணிதம் படித்தார். 1953-ல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பிறகு சில ஆண்டுகள் பிரான்சில் இருந்தார். அங்கே ஜப்பானியக் கணிதவியலாளர் தாக்கேஷி கோட்டாகேயுடன் சேர்ந்து செய்த வேலை 1962-ல் வெளியானது. இன்றும் அதற்குக் கோட்டாகே–நரசிம்மன் தேற்றம் என்றே பெயர்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: வகைக்கெழுச் செயலி. செயலி என்றதும் கைப்பேசியை நினைத்துவிடாதீர்கள். ஒரு சார்பை உள்ளே கொடுத்தால், அதன் வகைக்கெழுக்களைக் குறிப்பிட்ட விதத்தில் கூட்டி இன்னொரு சார்பை வெளியே தரும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைச் சேணத்தை எண்ணிப் பாருங்கள். நீளவாக்கில் மேல்நோக்கி வளைகிறது. குறுக்குவாக்கில் கீழ்நோக்கி வளைகிறது. இரண்டு வளைவுகளையும் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் வரலாம். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் தெரிந்துகொண்டு தனித்தனி வளைவைச் சொல்ல முடியாது என்றே தோன்றும். ஆனால் நீள்வட்ட வகை எனப்படும் செயலிகளில் அது முடிகிறது. ஒரு பரப்பு முழுவதிலும் கூட்டுத்தொகையின் அளவும் சார்பின் அளவும் தெரிந்தால், அப்பரப்பின் உட்பகுதியில் ஒவ்வொரு திசையின் வளைவுக்கும் வரம்பு கட்டிவிடலாம். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தே, உள்ளே எந்த ஒரு செலவும் எல்லை மீறவில்லை என்று சொல்லும் கணக்கர் வேலை இது.

கோட்டாகேயும் நரசிம்மனும் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார்கள். சீர்மையில் மிக உயர்ந்த படி ஒன்று உண்டு. அந்தப் படியில் உள்ள சார்பை ஒரு சிறு துண்டில் முழுமையாக அறிந்தால் போதும், மற்ற இடங்களில் அது என்ன என்பதும் முடிவாகிவிடும். ஒரு சார்பு அப்படிப்பட்டதா என்று சோதிக்க எல்லாத் திசைகளிலும் எல்லா வகைக்கெழுக்களையும் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்றது அவர்கள் தேற்றம். தகுந்த ஒரே ஒரு நீள்வட்டச் செயலியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் விடையின் அளவு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டு சமன்பாடு சேர்ந்தால்

இதுவரை சொன்ன நல்ல செய்தி எல்லாம் ஒற்றைச் சமன்பாட்டுக்குரியது. உப்பு மட்டும் என்றால் ஒரு சமன்பாடு. ஆனால் உப்பைச் சுமந்து செல்லும் தண்ணீர்? அதற்கு ஆழம் உண்டு, வேகம் உண்டு. ஆழம் வேகத்தை மாற்றுகிறது. வேகம் ஆழத்தை மாற்றுகிறது. உப்புநீர் கனமானதால் அடியில் நுழைகிறது. அதனால் உப்பும் ஓட்டத்தை மாற்றுகிறது. ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் இத்தகைய சமன்பாடுகளைத் தொகுதி என்கிறோம்.

ஒன்றுக்கு உண்மையானது தொகுதிக்கும் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 1968-ல் அந்த எண்ணத்தை உடைத்தவர் அதே டி ஜியார்ஜி. நீள்வட்ட வகைத் தொகுதி ஒன்றை அவர் எழுதிக் காட்டினார். அதன் கெழுக்கள் இரண்டு வரம்புகளுக்கு இடையில்தான் இருந்தன. ஆனாலும் அதன் விடை, ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிப் பாயும் அம்புக்கூட்டம். புள்ளியை நெருங்க நெருங்க அம்பின் நீளம் வரம்பில்லாமல் கூடுகிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தாமே தந்த உத்தரவாதம் தொகுதிகளுக்குச் செல்லாது என்று தாமே காட்டிவிட்டார்.

இது தாளில் மட்டும் நடக்கும் விபரீதமல்ல. ஆற்றிலும் நடக்கிறது. ஆழமில்லாத நீரின் ஓட்டத்துக்கு 1871-ல் பிரெஞ்சுப் பொறியாளர் சான் வெனான் எழுதிய சமன்பாட்டுத் தொகுதி இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதன்படி 4 மீட்டர் ஆழத்தில் அலை நொடிக்கு சுமார் 6.3 மீட்டர் போகும். 2 மீட்டர் ஆழத்தில் சுமார் 4.4 மீட்டர்தான். ஓதம் ஏறும்போது பின்னால் வரும் நீர் ஆழமானது, முன்னால் போகும் நீர் ஆழம் குறைந்தது. ஆகவே பின்னால் வருவது முன்னால் போவதை எட்டிப் பிடிக்கிறது. சாய்வாகத் தொடங்கிய ஏற்றம் வரவரச் செங்குத்தாகிறது. உப்பு தன் செங்குத்தைத் தானே கரைத்துக்கொண்டது. இங்கே நிலைமை தலைகீழ்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சரவாக்கின் ஸ்ரீ அமானுக்குப் போங்கள். புனல்போல் குறுகும் பத்தாங் லூப்பார் ஆற்றில் ஓதம், பெனாக் என்ற பெயரில் ஒரு நீர்ச் சுவராகவே ஏறி வரும். 1921-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அதில் சிக்கி, மயிரிழையில் உயிர் தப்பினார். சிலாங்கூர் ஆற்றிலோ ஓதம் சம்பானைக்கூட அசைக்காமல் ஏறுகிறது. இரண்டு ஆறுகளுக்கும் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றுதான். ஆற்றின் வடிவம், ஏற்றத்தின் சரிவு, சேறும் வேரும் தரும் உராய்வு ஆகியவைதான் வேறு.

கட்டங்களை நம்பலாமா?

இது ஏன் முக்கியம்? கணினி ஆற்றை ஆறாகப் பார்ப்பதில்லை. சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. கட்டம் 100 மீட்டராக இருந்தபோது வந்த பிழை, அதை 50 மீட்டராகக் குறைத்தால் கால் பங்காகும் என்பது பரவலாகக் கையாளப்படும் ஒரு முறையின் கணக்கு.

ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பிழையின் அளவு, கட்டத்தின் அளவையும் விடையின் வளைவையும் சேர்த்தே அமைகிறது. வளைவுக்கு வரம்பு இருந்தால்தான் கட்டத்தைச் சிறிதாக்கும்போது பிழை சொன்னபடி குறையும். விடை ஓரிடத்தில் செங்குத்தாக உடைந்தால், அங்கே இல்லாத ஏற்ற இறக்கங்களைக் கணினி காட்டலாம், அல்லது இருக்கும் செங்குத்தை மழுப்பிவிடலாம். திரையில் படம் அழகாகத்தான் இருக்கும். உப்பு எதுவரை ஏறும் என்ற எண் மட்டும் தவறாக இருக்கும்.

அப்படியானால் தொகுதிகளுக்கு உத்தரவாதமே கிடையாதா? உண்டு. ஆனால் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. 1964-ல் அக்மோன், டக்ளிஸ், நைரன்பர்க் மூவரும் நீள்வட்ட வகைத் தொகுதிகளுக்கான மதிப்பீடுகளை வகுத்தார்கள். அங்கே கெழுக்கள் தாறுமாறாக மாறக் கூடாது. எல்லையில் விதிக்கும் நிபந்தனைகளும் தொகுதியோடு பொருந்த வேண்டும். ஓடும் நீர் போன்ற அதிபரவளைய வகையில், வேகத்துக்கு ஏற்ற உராய்வு இருந்து, தொடக்கத்தில் உள்ள சரிவும் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் சீர்மை எக்காலமும் குலையாது என்று நிறுவியிருக்கிறார்கள். அளவைத் தாண்டினால் அந்த உறுதி போய்விடும்.

‘சிறிதாக இருந்தால் சீராக இருக்கும்’ என்ற இந்த வடிவம் தொகுதிகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1965-ல் நிறுவிய புகழ்பெற்ற வடிவியல் தேற்றத்துக்கு 1983-ல் இங்கிலாந்தின் சைமன் டொனால்ட்சன் புதிய நிறுவல் ஒன்று தந்தார். அதில் அவர் பயன்படுத்தியது, ஒரு தொகுதிக்கு அமெரிக்கக் கணிதவியலாளர் கேரன் உலென்பெக் கண்ட இதே மாதிரியான மதிப்பீட்டை. 2006-ல் நரசிம்மனும் டொனால்ட்சனும் கிங் ஃபைசல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முப்பரிமாண நீரோட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் தொகுதியில் இன்னும் முடிவு தெரியவில்லை. சீராகத் தொடங்கும் ஓட்டம் என்றும் சீராகவே இருக்குமா என்ற கேள்விக்கு 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணிதக் கழகம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அதைப் பெறும் நிறுவல் இன்னும் வரவில்லை. 1982-ல் கஃபரெல்லி, கோன், நைரன்பர்க் மூவரும் ஓரளவு நெருங்கினார்கள். தகுந்த விடைகளில் சீர்மை குலையும் இடங்கள் இருந்தாலும், இடத்தையும் காலத்தையும் சேர்த்துப் பார்க்கையில் அவை ஒரு கோட்டைக்கூட நிரப்பாது என்றார்கள்.

நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நம் நாட்டில் பெரிய திட்டங்களுக்கான விரிவான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அவற்றில் ஆறுகளைப் பற்றிய கணினிக் கணிப்புகளும் வருவதுண்டு. வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கணிதம் படிக்காதவரும் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, உப்பை மட்டும் கணக்கிட்டார்களா, ஓட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா? இரண்டு, கட்டத்தைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தார்களா, பிழை எதிர்பார்த்தபடி குறைந்ததா? மூன்று, மழை இல்லாத மாதத்தில், பெரிய ஓதம் ஏறும் நாளில், ஆற்றில் நல்ல தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும்போது அளந்த அளவுகளோடு ஒப்பிட்டார்களா? சரிவு மிகவும் கடுமையாகும் நேரம் அதுதான். அந்த நாளில் பொருந்தாத கணிப்பு மற்ற நாட்களில் பொருந்தி என்ன பயன்?

மூன்றாவது கேள்விக்குக் கணிதம் மட்டும் விடை தராது. யாராவது அந்த நாளில் படகில் போய்ப் பெரெம்பாங் மரத்தடியில் நீரை மொண்டு அளக்க வேண்டும். எதை, எங்கே, எந்த நாளில் அளக்க வேண்டும் என்பதைத்தான் கணிதம் சொல்கிறது. அடுத்த முறை கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறும்போது, மின்னும் மரங்களோடு கீழே போகும் தண்ணீரையும் ஒரு முறை பாருங்கள். மரங்கள் நிற்பது அதை நம்பித்தான்.